விடிய விடியக் கூத்துப் பதிவு: பவர் பேங்க் நிறைந்தே இருக்கிறது, ரெக்கார்டர் மட்டும் அணைந்துவிடுகிறது

கட்டியக்காரன் | திங்கள், காலை 10:12

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் களரி கட்டினால் (தொடக்க மேளமும் பாட்டும்) விடிந்துதான் முடியும். எங்கள் பெரியப்பா அந்த ஜமாவில் (கூத்துக் குழுவில்) முகவீணை என்ற சின்ன ஊதுகருவி வாசிக்கிறார். அவருக்கு அப்புறம் வாசிக்க அங்கே ஆள் இல்லை. அதனால் இந்த வருடம் முழுத் தொடரையும் ஒலிப்பதிவு செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

என்னிடம் இருப்பது கையடக்க ரெக்கார்டர். 2 ஏஏஏ செல் போடும் ரகம், பக்கத்தில் ஒரு யூஎஸ்பி துளை. 10 மணி நேரம் ஓடும் என்று கையேடு சொல்கிறது. வெளி மைக் செருகி 24 பிட்டில் வைத்தால் அவ்வளவு வருவதில்லை. நடுராத்திரியில் நிறுத்திச் செல் மாற்றினால் ஒரு விருத்தம் போய்விடும். ஆகவே 10000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) பவர் பேங்க் ஒன்றை யூஎஸ்பியில் மாட்டி, இரண்டையும் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

'பகடை துகில்' இரவு. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுவது அட்டகாசமாகப் பதிவாகியிருக்கிறது. துகிலுரியும் கட்டம் வருவதற்குள் பதிவு நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் ரெக்கார்டர் செத்துக் கிடக்கிறது, பவர் பேங்கில் நான்கு விளக்கும் எரிகின்றன. வேறு கேபிள் போட்டும் அதே கதைதான். இதே பவர் பேங்கில் போன் நன்றாக ஏறுகிறது.

கோளாறு எதில்? 20000 எம்ஏஎச் வாங்கினால் சரியாகுமா? வெள்ளிக்கிழமை 'கர்ண மோட்சம்'. அதை விட முடியாது.

---

ஓம்விதி | திங்கள், காலை 10:50

20000 வாங்காதீர்கள். அதுவும் இதையேதான் செய்யும்.

நான்கு விளக்கும் எரிகிறது என்று சொன்னீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. பவர் பேங்க் உங்கள் ரெக்கார்டருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்கவில்லை. மாட்டிய அரை நிமிடத்தில் அது தூங்கப் போயிருக்கும். ரெக்கார்டர் சத்தம் போடாமல் உள்ளே இருந்த ஏஏஏ செல்லுக்கு மாறி, அது தீரும்வரை ஓடி, நின்றிருக்கிறது.

ஏன் தூங்குகிறது? பவர் பேங்க் என்பது வெறும் பேட்டரி அல்ல. உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட். அதை 5 வோல்ட்டாக ஏற்றித் தர ஒரு சிப் இருக்கிறது. யாரும் எதையும் மாட்டாத நேரத்தில் அந்தச் சிப் விழித்திருந்தால் செல் வீணாகத் தீரும் அல்லவா? அதனால் வெளியே போகும் மின்னோட்டத்தை அது கவனித்துக்கொண்டே இருக்கும். பொதுவாக 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால், 'போன் நிரம்பிவிட்டது, அல்லது கழற்றிவிட்டார்கள்' என்று முடிவு செய்து கடையைச் சாத்திவிடும். போனை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. போன் ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று குடிக்கும். உங்கள் ரெக்கார்டர் குடிப்பது சொட்டுச் சொட்டாக.

எவ்வளவு என்று கணக்குப் போடலாம். நல்ல ஆல்கலைன் ஏஏஏ செல்லில் சுமார் 1000 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். இரண்டு செல் தொடராக, 3 வோல்ட். 10 மணி நேரம் ஓடுகிறது என்றால் சராசரியாக 100 மில்லி ஆம்பியர், அதாவது 0.3 வாட். அதே 0.3 வாட்டை 5 வோல்ட்டில் எடுத்தால் 60 மில்லி ஆம்பியர். சரியாக அந்தத் தூக்க எல்லையில் வந்து உட்காருகிறது.

எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று காட்டும் யூஎஸ்பி மீட்டரை நடுவில் செருகிப் பாருங்கள். தெரிந்துவிடும்.

---

பட்ஜெட்_பாண்டி | திங்கள், காலை 11:31

அண்ணே, நான் போன மாசம் ஆன்லைனில் 50000 எம்ஏஎச் பவர் பேங்க் 499 ரூபாய்க்கு வாங்கினேன். கையில் தூக்கினால் பாரமே தெரியவில்லை, சட்டைப்பையில் போகிறது. லிங்க் தரவா?

---

ரிச்சிதெரு_ராஜா | திங்கள், பகல் 12:05

பாண்டி, பாரம் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையே.

பவர் பேங்க் உள்ளே போடும் 18650 செல் என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். உலகத்தில் நல்ல கம்பெனி செய்யும் செல்லே 3500 எம்ஏஎச் பக்கத்தில்தான் நிற்கும். 9900 என்று அச்சடித்து வருவதெல்லாம் அச்சுதான். ஒரு செல் 45 முதல் 48 கிராம். 50000 வேண்டுமென்றால் 15 செல் வேண்டும். செல் மட்டுமே 700 கிராம், அப்புறம் போர்டு, டப்பா. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே சொல். தட்டையான பவுச் செல் போட்டிருந்தாலும் எடைக் கணக்கு பெரிதாக மாறாது.

இன்னொன்று எல்லாருக்கும்: முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் எம்ஏஎச் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 10000 என்றால் 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றி, மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் வெளியே வருவது 6000 சொச்சம். நேர்மையான கம்பெனி பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அதைத்தான் போட்டிருக்கும். பக்கத்திலேயே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண், ஆர் எழுத்தோடு எட்டு இலக்கம், இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ரிச்சி தெருவிலேயே (சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தை) அது இல்லாமல் விற்கிறார்கள், நான் மறுக்கவில்லை.

---

பறவைப்பித்தன் | திங்கள், மாலை 4:18

நான் காட்டோரம் ரெக்கார்டர் வைத்து ஆந்தை, பக்கிக் குருவி எல்லாம் பதிவு செய்கிறவன். என் கருத்து: பவர் பேங்கைத் தூக்கிப் போடுங்கள். நல்ல ரீசார்ஜ் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று ஓட, ஒன்று ஏற.

ஆனால் ரெக்கார்டர் மெனுவில் பேட்டரி வகை என்று ஒரு இடம் இருக்கும். அதை நிக்கலுக்கு மாற்றாமல் ஆல்கலைனிலேயே விட்டுவிட்டால், 1.2 வோல்ட் செல்லைப் பார்த்து 'தீர்ந்துபோச்சு' என்று அது தப்பாகக் காட்டும். பாதி சார்ஜ் இருக்கும்போதே சில மாடல் அணைந்தும் போகும். ரீசார்ஜ் செல் மோசம் என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் இந்த மெனுவைத் திறந்தே பார்த்ததில்லை.

ஊட்டி அவலாஞ்சி பக்கம் ஜனவரியில் உறைபனி விழும். அங்கே பவர் பேங்கை வெளியே வைத்துப் பயன்படுத்துவது வேறு, சார்ஜ் ஏற்றுவது வேறு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அப்புறம் அந்தச் செல்லை நம்பக் கூடாது. உங்கள் செய்யாற்றுக்கு இந்தக் கவலை வேண்டாம், சித்திரை வெயில் கவலைதான். பகலில் பவர் பேங்கைக் கூத்து வண்டியின் கூரையில் காய வைத்துவிடாதீர்கள்.

---

கட்டியக்காரன் | திங்கள், இரவு 8:40

ஓம்விதி, நீங்கள் சொன்னது பொருந்துகிறது. திரையின் மூலையில் பேட்டரிப் படமா யூஎஸ்பிப் படமா என்று ஒரு சின்னக் குறி மாறுகிறது. திரை வெளிச்சம் அணைந்துவிடுவதால் இருட்டில் அது கண்ணில் படவே இல்லை.

பித்தன் ஐயா, செல் ஜோடி யோசனை நல்லதுதான். ஆனால் மாற்றும்போது பதிவு நிற்குமே. யூஎஸ்பியில் ஓடும்போது மாற்றலாம் என்றால் மறுபடி பவர் பேங்கிடமே வந்து நிற்கிறோம்.

மீட்டருக்குத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

---

யாழ்_தும்பி | திங்கள், இரவு 10:15

அண்ணை, உங்கட பிரச்சினையை வாசிக்க எனக்கு எங்கட அப்பா ஞாபகம் வந்தது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரியும் தடைசெய்த சாமான், உள்ளே வராது. செய்தி கேட்க வேணுமெண்டால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் குடுத்து, ஒராள் பெடலைக் கையால சுத்த வேணும். செய்தி முடியுமட்டும் சுத்தல் எண்ட முறையில எங்கட வீட்டில பிள்ளைகளுக்குத்தான் அந்த வேலை. சுத்துறது மெதுவானால் வாசிக்கிறவரின்ர குரல் தேய்ஞ்சு முனகத் தொடங்கிவிடும் எண்டு அப்பா சொல்லுவார். அந்த மனிசனிட்ட 'பவர் பேங்க் தானாத் தூங்குது' எண்டு சொன்னால் சிரிப்பார்.

2022இல் திரும்பவும் மின்வெட்டு, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்ப நான் சின்ன ரேடியோவைப் பவர் பேங்கில் பாவித்தேன். எஃப்எம் பரவாயில்லை, மத்திய அலையில் ஒரே இரைச்சல். பவர் பேங்கை எடுத்துவிட்டால் துப்பரவு. உங்கட பதிவிலும் இரைச்சல் வருதோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

---

ஓம்விதி | செவ்வாய், காலை 7:30

தும்பி சொன்ன இரைச்சல் முக்கியமான விஷயம், நான் அதைச் சொல்ல விட்டுவிட்டேன். 3.7ஐ 5 ஆக்கும் சிப், நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடிக்கொண்டே இருக்கும். மத்திய அலை ரேடியோ அதைத்தான் பிடித்து இரைச்சலாகத் தருகிறது. நல்ல சுமை இருக்கும்போது அந்த வேகம் நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். சுமை ரொம்பக் குறைந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கொத்துக் கொத்தாக வேலை செய்துவிட்டு இடையில் ஓய்வெடுக்கும். அந்தக் கொத்துகளின் இடைவெளி காது கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். மெல்லிசாக 'ஙீ' என்று ஒரு ஓசை. ரெக்கார்டரின் மின்சுற்று கவனமாகச் செய்யப்படாவிட்டால் அது மைக் ஒலியோடு கலந்துவிடும்.

ஆகவே, தூக்கத்துக்கும் இரைச்சலுக்கும் காரணம் ஒன்றேதான்: சுமை போதவில்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யலாம்:

பவர் பேங்கில் இரண்டு துளை இருந்தால் மற்றதில் ஒரு யூஎஸ்பி எல்இடி விளக்கைச் செருகுங்கள். ஒரு வாட் விளக்கு 200 மில்லி ஆம்பியர் எடுக்கும். தூங்காது, குறிப்பு எழுத வெளிச்சமும் ஆச்சு. ஆனால் சில பவர் பேங்கில் ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகக் கவனிக்கும் சிப் இருக்கும். அதில் இது பலிக்காது.

கையில் சூடுகோல் பிடித்து ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால், ஒரு யூஎஸ்பி முனையில் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 47 ஓம் ரெசிஸ்டர். 106 மில்லி ஆம்பியர் இழுக்கும், அரை வாட் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகும், 2 வாட் போடுங்கள், மேலே துணி டேப் சுற்றாதீர்கள். எட்டு மணி நேரத்துக்கு 4 வாட்-மணிக்குச் சற்று மேல் வீணாகும். உங்களிடம் 30 வாட்-மணியாவது பயனுக்கு இருக்கிறது, போகட்டும்.

மூன்றாவது, சில பவர் பேங்கில் வாட்ச், காதுக்கருவி மாதிரிச் சின்னச் சாதனங்களுக்கென்று மெல்லோட்ட முறை உண்டு. பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாலோ அழுத்திப் பிடித்தாலோ வரும். கூத்துக்கு இதை நம்பாதீர்கள். சில மாடல்களில் இரண்டு மணி நேரத்தில் அது தானாக முடிந்துவிடும்.

---

சவுண்ட்சர்வீஸ்_வந்தவாசி | செவ்வாய், காலை 9:02

கூத்துக்கு மைக் செட் கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பவர் பேங்க் தூங்குகிறது என்று சலித்துக்கொண்டு சார்ஜரைச் செருகி, எங்கள் ஜெனரேட்டரில் இருந்து கரண்ட் எடுத்துவிடாதீர்கள். ரெக்கார்டரை எங்கள் மிக்சரில் இருந்து லைன் எடுத்து மாட்டியிருந்தால், மிக்சர் ஒரு வழியாகவும் சார்ஜர் இன்னொரு வழியாகவும் தரையைத் தொட்டு ஒரு வளையம் போட்டுவிடலாம். 50 ஹெர்ட்ஸ் 'ஹூம்' விடிய விடியக் கூடவே பாடும். பவர் பேங்க் எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்பதால் அந்தத் தொல்லை கிடையாது. அந்த வகையில் உங்கள் முடிவு சரிதான்.

அப்புறம் ரெக்கார்டரை ஆர்மோனியத்துப் பக்கம் வைத்தது சரியில்லை. துருத்தி மூச்சு விடுவதுதான் கேட்கும். முகவீணைக்காரர் பின்பாட்டு வரிசையில் நிற்பார், அவருக்கு எதிரில் நாலடி தள்ளி வையுங்கள். தாளக்காரர் காலுக்கு எட்டாத இடமாகப் பார்த்து.

---

நகரவாசி | செவ்வாய், பகல் 1:20

குறுக்கே ஒரு கேள்வி. என் தலை டார்ச்சில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறது, பவர் பேங்கிலும் யூஎஸ்பி-சி. இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் மாட்டினால் ஏறவே மாட்டேன் என்கிறது. ஒரு முனை பழைய சதுர வகையாக (யூஎஸ்பி-ஏ) உள்ள கேபிளில் ஏறுகிறது. இதுவும் தூக்க வியாதியா?

---

ஓம்விதி | செவ்வாய், பகல் 2:11

இல்லை, இது வேறு வியாதி. யூஎஸ்பி-சி துளையில் சும்மா 5 வோல்ட் நிற்காது. எதிர்முனையில் 'நான் மின்சாரம் வாங்க வந்தவன்' என்று காட்டும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் பவர் பேங்க் வாயைத் திறக்கும். மலிவான டார்ச், டிரிம்மர், கை விசிறி செய்கிறவர்கள் துளையை மட்டும் மாற்றிவிட்டு அந்த இரண்டு ரெசிஸ்டரை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு ரூபாய்கூட இருக்காது. சதுரத் துளையில் எப்போதும் 5 வோல்ட் நிற்பதால் அதில் ஏறுகிறது. அந்தப் பழைய கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு மருந்து இல்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் பதிப்பில் இரண்டு கம்பிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டிருந்தார்கள். உள்ளே சிப் வைத்த தடித்த கேபிளில் மாட்டினால் அது ஏதோ ஹெட்போன் என்று நினைத்துச் சார்ஜர் மின்சாரம் தர மறுத்தது. பிறகு திருத்தினார்கள்.

---

சிங்கை_நாடோடி | செவ்வாய், இரவு 9:45

கட்டியக்காரன் தம்பி, அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். தூங்காத வகைப் பவர் பேங்க் இங்கே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வரவா? கைப்பையில்தான் வரும். பெட்டியில் போட்டு உள்ளே அனுப்ப எந்த விமானத்திலும் விடமாட்டார்கள். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம், 100 முதல் 160 வரை விமானக் கம்பெனி அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையவே கிடையாது. 27000 எம்ஏஎச் என்று விற்கிறார்களே, 3.7ஆல் பெருக்கினால் 99.9. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

2025 ஜனவரியில் பூசான் விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. அந்த ஏப்ரலில் இருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது, கொண்டுபோகலாம், அவ்வளவுதான். பாண்டியின் 50000 உண்மையாகவே 50000ஆக இருந்தால் 185 வாட்-மணி. வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

---

பட்ஜெட்_பாண்டி | செவ்வாய், இரவு 10:03

எடை போட்டேன். 196 கிராம்.

---

ரிச்சிதெரு_ராஜா | செவ்வாய், இரவு 10:06

அப்படியென்றால் தைரியமாக விமானத்தில் ஏறு.

---

கட்டியக்காரன் | புதன், இரவு 7:55

மீட்டர் வந்துவிட்டது. மைக்கோடு, பதிவு ஓடும்போது 0.07 ஆம்பியர். திரை அணைந்தால் 0.06. ஓம்விதி கணக்குப் போட்ட எண்ணே வந்து நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மீட்டரை நடுவில் வைத்தால் பவர் பேங்க் தூங்குவதில்லை! எடுத்தால் முப்பது நொடியில் தூங்குகிறது. மீட்டரே கொஞ்சம் குடிக்கிறது போலிருக்கிறது.

விளக்கு யோசனையும் என் பவர் பேங்கில் வேலை செய்கிறது. ஆனால் ஹெட்போனில் கேட்டால் அமைதியான இடங்களில் அந்த 'ஙீ' லேசாக இருக்கிறது. விளக்கு எரிந்தால் குறைகிறது, முழுக்கப் போகவில்லை. டோலக் அடிக்கும்போது தெரியாது. கர்ணன் சாகக் கிடக்கும்போது முகவீணை மட்டும் ஒற்றையாய் இழுக்கும், அங்கே தெரியும்.

இன்னொரு விஷயமும் கண்டேன். பதிவு ஓடும்போது பவர் பேங்கின் இரண்டாவது துளையில் போனைச் செருகினேன், ஒரு கணம் ரெக்கார்டருக்கு மின்சாரம் போய்வந்தது. செல்லுக்கு மாறி மறுபடி யூஎஸ்பிக்கு வந்தது. உள்ளே நல்ல செல் இல்லாவிட்டால் பதிவு அங்கேயே போயிருக்கும்.

---

ஓம்விதி | புதன், இரவு 8:20

ஆம், வேகச் சார்ஜ் வசதி உள்ளவற்றில் இரண்டாவது சாதனம் வந்தவுடன் 9 வோல்ட், 12 வோல்ட் பேச்சை எல்லாம் ரத்து செய்துவிட்டு இரண்டு துளைக்கும் 5 வோல்ட்டில் புதிதாகத் தொடங்கும். அந்த நொடியில் ஒரு வெட்டு. பவர் பேங்குக்கே சார்ஜ் ஏற்றிக்கொண்டு இன்னொன்றுக்குக் கொடுப்பதிலும் சார்ஜரை உருவும்போது அதே வெட்டு வரலாம். ஆகவே பதிவு முடியும்வரை யார் போனுக்கும் கடன் கொடுக்காதீர்கள். கூத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

அந்த 'ஙீ'க்கு இனி என்னிடம் சுலப மருந்து இல்லை. நடுவில் வடிகட்டி போடலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

---

செஞ்சி_ரேடியோ | புதன், இரவு 9:37

ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திங்கட்கிழமையில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். தம்பிகளே, ரெக்கார்டருக்கு வேண்டியது 3 வோல்ட். நீங்கள் 3.7ஐ எடுத்து 5 ஆக்கி, அதை ரெக்கார்டர் உள்ளே மறுபடி இறக்கி, நடுவில் வரும் இரைச்சலுக்கு மருந்து தேடுகிறீர்கள். எதற்கு?

பெட்டிக் கடையில் பெரிய டார்ச் செல் இருக்கிறதே, அதில் இரண்டு வாங்குங்கள். தொடராக 3 வோல்ட். சாதா கார்பன் செல்லே போதும். ஏஏஏ செல் அளவுக்கு இரண்டு மரக்குச்சி சீவுங்கள். பென்சில் கொஞ்சம் மெலிசு, சைக்கிள் ஸ்போக்கும் வேண்டாம், வேப்பங்குச்சியே ஒத்துவரும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்னத் திருகாணி. ரெக்கார்டரின் செல் குழியில் இரண்டு குச்சியையும் போட்டால், முதல் குச்சியின் பிளஸ் முனைத் திருகாணியும் கடைசிக் குச்சியின் மைனஸ் முனைத் திருகாணியும்தான் வயருக்கு. மற்ற இரண்டு முனையிலும் ஒன்றும் வேண்டாம். குழி மூடியின் ஓரத்தில் வயர் வர அரம் வைத்து ஒரு பள்ளம். அவ்வளவுதான்.

சிப் கிடையாது, ஆகவே தூக்கமும் கிடையாது, 'ஙீ'யும் கிடையாது. உங்கள் மீட்டர்க் கணக்குப்படி 0.35 வாட், 3 வோல்ட்டில் 115 மில்லி ஆம்பியர் பக்கம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆம்பியர்-மணிகூட ஆகாது. பெரிய செல்லுக்கு அது காலைப் பலகாரம்.

பிளஸ் மைனஸ் மாறினால் ரெக்கார்டர் போய்ச் சேர்ந்துவிடும். மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

---

பறவைப்பித்தன் | புதன், இரவு 10:10

ஐயா, இதைக் காட்டில் செய்து பார்க்கப் போகிறேன். ஆனால் உள்ளே செல் இல்லாமல் குச்சி மட்டும் இருந்தால், வயர் யார் காலிலாவது இடறி உருவிக்கொண்டால் பதிவு செத்துவிடுமே?

---

ஓம்விதி | புதன், இரவு 10:32

ஐயா சொன்னதுதான் நேர்வழி. நான் யூஎஸ்பித் துளையை விட்டு வெளியே யோசிக்கவே இல்லை.

பித்தன் கேட்டதற்கு: யூஎஸ்பியில் பவர் பேங்கையும் விளக்கோடு மாட்டி வைக்கலாம், ஆனால் அப்போது ரெக்கார்டர் யூஎஸ்பியைத்தான் முதலில் எடுக்கும், 'ஙீ' திரும்பிவிடும். பெரிய செல்லில் ஓடட்டும், பவர் பேங்க் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். வயரை ரெக்கார்டர் உடம்போடு ஒரு ரப்பர் பேண்டில் கட்டிவிட்டால் இழுவை திருகாணிக்குப் போகாது.

பிளஸ் மைனஸ் மாறிவிடுமோ என்று டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போட நினைத்தால் சாதா டையோடு வேண்டாம், 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும், ரெக்கார்டர் சீக்கிரமே 'செல் தீர்ந்தது' என்று சொல்லும். ஷாட்கி வகை 0.3 பக்கம்தான் எடுக்கும்.

கட்டியக்காரன், பகடை துகில் கோப்பு திறக்கிறதா? மின்சாரம் போய் நின்ற கோப்பில் தலைப்பகுதி எழுதப்படாமல் போயிருந்தால் எந்தப் பிளேயரும் திறக்காது. ஒலி உள்ளேயேதான் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'ரா டேட்டா' என்று இறக்கி, 24 பிட், 48000, ஸ்டீரியோ என்று கொடுத்தால் வந்துவிடும். அளவு பூஜ்ஜியம் என்று காட்டினால் அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாமல் எடுத்து வையுங்கள், மீட்பு மென்பொருள் கொண்டு தேடலாம்.

---

கட்டியக்காரன் | சனி, பிற்பகல் 3:25

இப்போதுதான் தூங்கி எழுந்தேன். கர்ண மோட்சம் களரி கட்டியதில் இருந்து விடியற்காலை மங்களம் வரை முழுசாக இருக்கிறது. 8 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. ரெக்கார்டர் 2 ஜிபிக்கு ஒரு கோப்பாகத் தானே வெட்டிக்கொண்டது, வெட்டிய இடங்களில் ஒலி போகவில்லை, ஒட்டிப் பார்த்துவிட்டேன்.

வேப்பங்குச்சிக்குப் பதில் மூங்கில் சீவினேன், குச்சி சுருங்காமல் இறுக்கமாக நிற்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். தொடங்கும்போது செல் இரண்டும் சேர்ந்து 3.2 வோல்ட், காலையில் 2.8. கர்ணன் விழுந்து கிடக்கும்போது முகவீணைக்குப் பின்னால் 'ஙீ' இல்லை. தூரத்தில் ஜெனரேட்டரும் யாரோ இருமுவதும்தான் கேட்கிறது, அது இருக்கட்டும். வந்தவாசி அண்ணன் சொன்ன நாலடிக் கணக்கு பிரமாதம்.

பவர் பேங்க் விளக்குக்குப் போனது. நாடோடி அண்ணா, பவர் பேங்க் வேண்டாம், முடிந்தால் நல்ல 64 ஜிபி கார்டு ஒன்று.

பழைய பகடை துகில் கோப்பு ஆடாசிட்டியில் திறந்துவிட்டது, நின்ற இடம் வரை.

---

யாழ்_தும்பி | சனி, மாலை 5:02

நல்லது அண்ணை. யூடியூப்பில போடுவியளோ?

---

கட்டியக்காரன் | சனி, மாலை 5:40

ஜமா வாத்தியாரிடம் கேட்டேன். முதலில் ஒரு பென்டிரைவில் போட்டு எனக்குக் கொடு, யார் யார் சுருதி விட்டார்கள் என்று பார்க்க வேண்டும், அப்புறம் பேசலாம் என்றார். பதினெட்டாம் போருக்கும் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்.

---

பட்ஜெட்_பாண்டி | சனி, மாலை 6:15

அண்ணே, அந்தப் பெரிய செல் இரண்டையும் எதில் வைத்தீர்கள்? ரெடிமேட் பெட்டி கிடைக்குமா?

---

செஞ்சி_ரேடியோ | சனி, மாலை 6:30

கிடைக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு பெரிய செல் பெட்டி என்று கேள். வயரோடு தருவார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கூத்து முடிந்ததும் செல்லைக் கழற்றி வை, கார்பன் செல் உள்ளேயே கிடந்தால் ஒழுகிவிடும்.